பன்னிரண்டு ஹீட்டரும் ஒரு பாத்திக் கீரையும்

எடை அளவைகள் சரிபார்ப்பு அலுவலகத்தில் ஒரு பொருள் சரியா தவறா என்பதை அந்தப் பொருளைப் பார்த்துத் தீர்மானிக்கும் வழக்கம் இல்லை. அதன்மேல் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் சரி. இல்லையென்றால், அது எவ்வளவு சரியாக இருந்தாலும் தவறு. அலுவலகத்தின் சுவர்க் கடிகாரத்துக்கே முத்திரை காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது பாட்டுக்குச் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அங்கே முப்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். அதில் தபால் பிரிவு எழுத்தரை எல்லோரும் தபாலம்மா என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வருகிற கடிதத்துக்கு எண் போடுவது, போகிற கடிதத்துக்கு எண் போடுவது, இரண்டு எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டு வருகிற கடிதத்துக்கும் எண் போடுவது, இதுதான் அவள் வேலை. மனசுக்குப் பிடித்த வேலை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பத்தடிக்கு ஆறடியில் ஒரு காய்கறித் தோட்டம்.

அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் தோட்டங்கள் எல்லாம் துடைத்துவைத்த மாதிரி ஆகிவிடும். தபாலம்மாவின் பாத்தியில் மட்டும் கேல் கீரை நிற்கும். சுருட்டைச் சுருட்டையாக, கரும்பச்சையில், தலையில் பனியைச் சுமந்துகொண்டு, ஒன்றும் நடக்காதது போல நிற்கும். கோடை முடிவதற்குள் விதைத்து, நாற்றைப் பிடுங்கி ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டு, அடியைச் சுற்றிக் கொஞ்சம் வைக்கோல் போட்டுவிட்டால் அப்புறம் அதைச் சும்மா விட்டாலே போதும். உறைந்திருக்கும்போது இலையைத் தொடக் கூடாது. வெயில் பட்டு இளகின பிறகு, அடி இலையாகப் பார்த்து ஒடிக்க வேண்டும். குருத்தில் கை வைக்கக் கூடாது. நல்லதாக ஒரு பனி விழுந்த பிறகு பறித்தால் இலையில் லேசாக ஓர் இனிப்பு வரும். இந்த இனிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தபாலம்மாவை நிறுத்துவது கஷ்டம். அவள் கணவர் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவர். தினமும் அந்தக் கீரையைச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று ஒரே மாதிரி சொல்வார். அது அவளுக்குப் போதவில்லை. புகழ வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

அப்படித்தான் ஒரு குளிர்கால முடிவில், ஒரு கட்டுக் கீரையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனாள்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. யார்மேலும் கோபப்பட மாட்டார். கோபப்பட வேண்டிய இடத்தில் சுற்றறிக்கை அனுப்புவார். அவள் போன நேரம் ஷூவைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் ஹீட்டருக்கு நேராக நீட்டிவைத்திருந்தார்.

"என்னம்மா இது, இலையெல்லாம் சுருண்டு கிடக்கு? வாடிப்போச்சா?"

"இல்ல சார், அது ஜாதியே அப்படித்தான். கேல் கீரை. நேத்து வரைக்கும் பனியிலதான் நின்னுச்சு. குளிர் இதை ஒண்ணும் பண்ணாது சார்."

"ஒண்ணும் பண்ணாதா?"

"ஒண்ணுமே பண்ணாது. குளிரக் குளிர ருசிதான் கூடும்."

இயக்குநர் கீரையைப் பார்த்தார். பிறகு ஹீட்டரைப் பார்த்தார். மறுபடி கீரையைப் பார்த்தார். அந்தப் பார்வை போய்வந்த வழியைத் தபாலம்மா அப்போதே கவனித்திருக்க வேண்டும். அவளோ இனிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் தலைமை அலுவலகத்தில் எங்கே திரும்பினாலும் கேல்தான் பேச்சு. தலைமை ஆணையர் காபியை நிறுத்திவிட்டுக் காலையில் பச்சைச் சாறு குடிக்க ஆரம்பித்திருந்தார். மூன்றாம் நாளே கூடுதல் ஆணையர்கள் அத்தனை பேருக்கும் அது பிடித்துப்போயிற்று. மாதம் முடிவதற்குள் கார் ஓட்டுநர் வரைக்கும் எல்லோர் உதட்டிலும் பச்சை. கீரை சம்பந்தமாக ஒரு திட்டமும் இல்லாத கிளை அலுவலகம் மேலிடத்துக் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டிய நிலைமை. இன்னொரு பக்கம், மின்சாரத்தைக் குறையுங்கள் என்று வேறு கடிதம் வந்தபடி இருந்தது. இயக்குநர் இரண்டு கோப்புகளையும் ஒரே கயிற்றில் கட்டினார். கோடை முழுவதும் கோப்பு நடந்தது. குளிர்காலத்துக்குச் சற்று முன்னால் சுற்றறிக்கை வந்தது.

"பொருள்: குளிர் தாங்கும் கீரை — வளர்த்தல் மற்றும் உட்கொள்ளல் — அதன் காரணமாக ஹீட்டர்களைத் திரும்பப் பெறுதல் — தொடர்பாக.

கடுங்குளிரில் நிற்கும் தாவரத்தில் குளிரைத் தாங்கும் ஆற்றல் இருப்பது கண்கூடு. அத்தாவரத்தை உட்கொள்பவரிடம் அவ்வாற்றல் சென்று சேர்வது இயற்கை. ஆற்றல் சேர்ந்த ஊழியருக்கு ஹீட்டர் மிகையாகும். எனவே அலுவலகத்தில் உள்ள பன்னிரண்டு ஹீட்டர்களும் உடனடியாகக் கிடங்கில் ஒப்படைக்கப்பட வேண்டும். பின்புறக் காலி இடத்தில் நாற்பத்தெட்டு கேல் செடிகள் நடப்படும். இந்த அரிய உண்மையை அலுவலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்த தபால் பிரிவு எழுத்தர், தோட்டப் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறார். அவருக்கு ஊழியர்கள் அனைவர் சார்பிலும் நன்றி."

சுற்றறிக்கைக்கு எண் போட்டு எல்லாப் பிரிவுக்கும் அனுப்பியவள் தபாலம்மாதான். கடைசி வரியைப் படித்தபோது கையில் இருந்த முத்திரை நழுவிக் காலில் விழுந்தது.

ரெக்கார்டு அக்கா பக்கத்து மேஜை. பதிவறைக் கோப்புகள் முழுவதும் அவர் பொறுப்பு. தபாலம்மாவைவிடப் பத்து வருடம் சர்வீஸ் அதிகம். ஒன்பது குளிர்காலமாக இருவர் மேஜைக்கும் நடுவில் ஒரே ஹீட்டர். அதைச் சுற்றித்தான் சாப்பாடு, அதைச் சுற்றித்தான் வம்பு. அக்காவுக்கு விரல் மூட்டில் வலி உண்டு. குளிர் இறங்கினால் விரல்கள் வீங்கிச் சிவந்து, கோப்புக் கயிற்றில் முடிச்சுப் போடவே வராது. காலையில் வந்ததும் பத்து நிமிடம் கையை ஹீட்டரில் காட்டிய பிறகுதான் அன்றைய வேலை.

பியூன் அண்ணன் வந்து அந்த ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். அது இருந்த இடத்தில் சதுரமாகச் சுத்தமான தரை தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் கீரையைத்தான் சொன்னேன். நம்மளச் சொல்லலியே."

"உன்னை யாருடி வாயத் திறக்கச் சொன்னா? ஊர்ல எல்லாரும் கீரை வளக்கறான். எவனாச்சும் கொண்டுபோய் ஆபீசர்கிட்ட காட்டுறானா?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன்கா."

"சொல்லிட்டாருல்ல? நன்றியும் சொல்லிட்டாரு. போ."

அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவறையில் தனியாகச் சாப்பிட்டார். அன்றிலிருந்து பேச்சு நின்றது. அலுவலகத்தில் மற்றவர்களும் தபாலம்மாவைப் பார்த்தால் கைகளைத் தேய்த்துக்காட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அது எல்லாம் பெரிதில்லை. ஒன்பது வருடமாகக் கூடச் சாப்பிட்ட ஆளுடைய விரல் தன்னுடைய வாயால் வீங்கப்போகிறது என்பதுதான் உறுத்தியது. ஹீட்டர் திரும்பி வந்தாக வேண்டும், அதுவும் அக்காவின் கை மடங்காமல் போவதற்குள் வந்தாக வேண்டும் என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் கீரை வளர்ந்தது. துருப்பிடித்த பழைய தராசுகளைக் குவித்துவைத்திருந்த பின்புறத்தை ஒழித்து, கொத்தி, பாத்தி போட்டார்கள். ஒவ்வொரு செடிக்கும் பித்தளைத் தகட்டில் எண். தகட்டின் மேல் முத்திரை. பதினேழாம் எண் செடியின் தகட்டில் முத்திரை சரியாக விழவில்லை என்பதால் அந்தச் செடிக்கு மட்டும் பத்து நாள் தண்ணீர் ஊற்ற அனுமதி கிடைக்கவில்லை. அது பாவம் மழையை நம்பிப் பிழைத்தது.

குளிர் வந்த முதல் நாளே திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆளுக்கு நாற்பது கிராம் இலை. அரை கிராம் முன்னே பின்னே இருக்கலாம். எடை அலுவலகம் ஆயிற்றே, இதிலாவது குறை வரலாமா? சரிபார்த்த தராசில் வைத்து, நகத்தால் கிள்ளிக் கிள்ளிச் சரியாக்கினார்கள். பச்சை இலை ரப்பர் மாதிரி இருந்ததால், உப்பும் எண்ணெயும் விட்டுப் பிசைந்தால்தான் மெல்ல முடியும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இணைப்பு வந்தது. பிசைவது எந்தப் பதவியின் கடமை என்று அந்த இணைப்பில் இல்லை. பியூன் அண்ணன் தன் பணி விதிகளில் பிசைதல் இல்லை என்றார். எழுத்தர்கள் தங்களுடையது எழுதுகிற கை என்றார்கள். கடைசியில் அவரவர் இலையை அவரவர் பிசையலாம், ஆனால் மேலாளர் முன்னிலையில் பிசைய வேண்டும் என்று முடிவாயிற்று. தினமும் காலை பத்து மணிக்கு எல்லோரும் வரிசையாக நின்று இலையைப் பிசைந்தார்கள். குறுக்கே நடந்தபடி மேலாளர், "இன்னும் நல்லா, இன்னும் நல்லா" என்றார்.

தின்று முடித்ததும் பதிவேட்டில் கையெழுத்து. வாசகம் அச்சாகவே இருந்தது: "இலை உண்டேன். குளிர் தெரியவில்லை." பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டால் போதும். குளிர் தெரிந்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தனிப் படிவம், மூன்று நகல். எல்லோருக்கும் பலித்த இலை தனக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்ற விளக்கம். கூடவே, தன்னிடம் குறை எதுவும் இல்லை என்பதற்கு மருத்துவச் சான்று. எல்லோரும் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்கள். அக்காவும் போட்டார், பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டு.

ஸ்வெட்டர் போடுவது திட்டத்தின்மீது நம்பிக்கையின்மையைக் காட்டும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. உடனே எல்லோரும் ஸ்வெட்டரைச் சட்டைக்கு உள்ளே போட்டார்கள். குளிர் ஏற ஏற உள்ளே ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. ஒல்லியாக இருந்தவர்களெல்லாம் கதவில் பக்கவாட்டில் நுழைய வேண்டி வந்தது. இயக்குநர் அந்த மாத அறிக்கையில், "கீரை உட்கொள்ளத் தொடங்கியபின் ஊழியர்களின் உடல் நன்கு தேறி வருகிறது" என்று மகிழ்ச்சியோடு எழுதினார். அந்த அறிக்கையை அவர் எழுதும்போது அவருடைய கோட்டின் பொத்தான் ஒன்று தாங்காமல் தெறித்து மேஜைக்கு அடியில் போயிற்று.

தபாலம்மா ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனாள்.

"சார், ஹீட்டரை மட்டும் திருப்பிக் கொடுத்துடலாம் சார். ஆளுங்களால முடியல."

"யாரால முடியல?"

"எல்லாருக்கும் குளிருது சார்."

"யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

"எழுதல சார். சொல்றாங்க."

"சொல்றதுக்கு ரெஜிஸ்டர் இல்லையேம்மா" என்றார் இயக்குநர், மெய்யான வருத்தத்தோடு. அவர் வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது. "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இருபத்திரண்டு நாள். நான் எதை நம்பறது, உங்க வாயையா, உங்க கையெழுத்தையா?"

கையெழுத்துக்கு முன்னால் வாய் செல்லாது என்பது அவளுக்குத் தெரியும். அவளும் அந்த அலுவலகத்தில்தான் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள்.

வழி திறந்தது கிடங்குப் பக்கமிருந்து. ஸ்டோர்காரருக்கு இரண்டு கவலை ஒன்றாக வந்தது. ஒன்று, பன்னிரண்டு ஹீட்டர் வேலை இல்லாமல் கிடங்கில் கிடந்தால் தணிக்கையில் கேள்வி வரும். இன்னொன்று, நாற்பத்தெட்டு செடியும் இப்போது அரசாங்கச் சொத்து. ஒன்று பட்டுப்போனாலும் அதற்கும் கேள்வி வரும். இரண்டையும் சொல்லி அவர் இயக்குநர் முன் நின்றபோது, இயக்குநர் தபாலம்மாவை அழைத்தார்.

"இந்தச் செடிங்க பனியில போயிடாதில்ல?"

போகாது சார், அதற்குத்தானே சார் இந்தக் கூத்து எல்லாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"போகாதுன்னு எழுத்துல கொடுத்துடுங்க, போதும்" என்றார் ஸ்டோர்காரர்.

தபாலம்மா வாயை மூடிக்கொண்டாள். ஜன்னல் வழியே பார்த்தாள். செடிகள் பனியில் நன்றாகத்தான் நின்றன. ஹீட்டர் வைத்தால் கெட்டுப்போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பக்கத்து அறையில் அக்கா வெந்நீர்ப் பையை நிலுவைக் கோப்புகளுக்கு நடுவில் ஒளித்துவைத்து, கோப்பைத் தேடுகிற சாக்கில் கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்ததும் தெரியும்.

"எழுத்துல எப்படி சார் கொடுக்கிறது?" என்றாள். "செடியாச்சே. கூடாரம் போட்டு உள்ள ஹீட்டர் வெச்சிட்டா நல்லது சார். பன்னிரண்டையும் வெச்சிடலாம்."

பெற்ற பிள்ளையைப் பற்றிப் பொய்ப் புகார் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

மூன்றே நாளில் பாத்தியின் மேல் பிளாஸ்டிக் கூடாரம் எழுந்தது. உள்ளே நான்கு செடிக்கு ஒரு ஹீட்டர். குளிரைத் தாங்குகிற செடிக்கு ஹீட்டர் போட்டாயிற்று. தாங்காத மனிதர்கள் ஹீட்டர் இல்லாத கட்டிடத்துக்குள் இலையைத் தின்றுகொண்டிருந்தார்கள். இதில் ஏதோ உதைக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் தனித்தனி ஆணை இருந்தது.

தபாலம்மா முதல் வேலையாகப் பதிவறைக்குப் போனாள்.

"செடிங்களோட தகட்டு எண்ணை எல்லாம் ரெக்கார்டுல ஏத்தணும்கா. நீங்க நேர்ல வந்து பாக்கணும். விதிப்படி."

அக்கா முறைத்தார். விதிப்படி என்ற சொல்லுக்கு எழுந்திருக்காத ஆள் அந்த அலுவலகத்தில் கிடையாது. எழுந்து வந்தார். கூடாரத்தின் திரையை விலக்கி உள்ளே ஒரு காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வீங்கின பத்து விரலையும் ஹீட்டருக்கு நேராக விரித்தார். கண் கலங்கிவிட்டது.

"இதுக்காகவாடி அந்தச் செடிங்களைப் பொசுக்கற?"

"செடி போனா வேற விதைக்கலாம்கா. நீங்க காட்டுங்க கையை."

அன்றைக்கு இருவரும் பதினோராம் எண் செடிக்கும் பன்னிரண்டாம் எண் செடிக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். அக்கா போகும்போது சொன்னார்: "மேல இருந்து என்னைக்காவது யாராச்சும் வருவாங்க. நீதான் பொறுப்பாளர். உன்னைத்தான் கேப்பாங்க. ஒரே வார்த்தை சொல்லு, ஹீட்டர் உள்ள வந்துடும்."

"கண்டிப்பா சொல்றேன்கா" என்றாள் தபாலம்மா. அப்போது மனதார அப்படித்தான் நினைத்தாள்.

விஷயம் மெல்லப் பரவியது. முதலில் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் செடிகளுக்குப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வந்தார். இரண்டு மணி நேரம் பார்த்தார். மறுநாள் நான்கு பேர் பூச்சி பார்த்தார்கள். மேலாளர் இதை முறைப்படுத்த "கீரைக் கண்காணிப்புப் பணி" என்று ஒரு பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலில் சேரச் சிபாரிசுக் கடிதம்கூட வந்தது. பத்தே நாளில் மேஜைகள் ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்கு நகர்ந்தன. கடைசியில் கட்டிடத்துக்குள் இயக்குநர் ஒருவர் மட்டும் இருந்தார். அவரும் ஒருநாள் ஆய்வுக்கு வந்தார். செடிகளுக்கு முன்னால் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்படியே கொஞ்சம் பின்னால் நகர்ந்து ஹீட்டரை முதுகுக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"நல்லா வளருது" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார்கள் முப்பது பேரும்.

"அடிக்கடி ஆய்வு பண்ணணும்."

"கட்டாயம் சார்."

மறுநாள் அவருடைய நாற்காலியும் வந்தது. கூடாரத்தில் முப்பத்தொரு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து அரசாங்க வேலை பார்த்தார்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்று ஒருவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பதிவேடு மட்டும் காலை பத்து மணிக்குச் சுற்றி வரும். "குளிர் தெரியவில்லை" என்று கையெழுத்துப் போடுவார்கள். அந்த நாட்களில் அது உண்மையாகவும் இருந்தது.

செடிகள்தான் பாவம். இலை வெளுத்தது. தண்டு கொழுகொழுவென்று நெட்டையாக நீண்டு, தன் தலையைத் தானே தாங்க முடியாமல் சாய்ந்தது. மெய்யாகவே பூச்சி வந்தது. பனியில் கல் மாதிரி நின்ற ஜாதி, கூடாரத்துக்குள் நோயாளி மாதிரி படுத்தது. தபாலம்மா தினமும் அவற்றுக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒருநாள் விடியற்காலையில் ஊர் முழுக்க மின்சாரம் போய், மூன்று மணி நேரம் வரவில்லை. ஊழியர்கள் வந்து பார்த்தபோது நாற்பத்தெட்டு செடியும் கறுத்து, குழைந்து, தகட்டின் மேல் கிடந்தன. தெருவுக்கு அப்பால் தபாலம்மா வீட்டுப் பாத்தியில் அதே ஜாதிக் கீரை பனியைச் சுமந்துகொண்டு நின்றது. அதற்கு முத்திரை இல்லை என்பதால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வழி இல்லை.

அரசாங்கச் சொத்து நாற்பத்தெட்டு ஒரே நாளில் போனால் சும்மா இருப்பார்களா? கூடுதல் ஆணையர் அம்மாவே விசாரணைக்கு வந்தார். கூடாரத்தை அதற்குள் பிரித்துவிட்டதால் எல்லோரும் கட்டிடத்துக்குள், அந்தப் பழைய ஐஸ் பெட்டிக்குள், வரிசையாக நின்றார்கள். அம்மா பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"தொண்ணூத்தியொரு நாள். ஒரு நாள்கூட ஒருத்தருக்கும் குளிரலையா?"

"இல்லைங்க மேடம்" என்றார்கள். முப்பத்தொரு வாயிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக ஆவி வந்து மேடத்தின் கண்ணாடியில் படிந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டார்.

"தோட்டப் பொறுப்பாளர் யாரு? நீங்களா? சொல்லுங்க, உண்மையிலேயே குளிரலையா?"

வந்துவிட்டது அந்த நேரம். ஒரே வார்த்தை. அக்கா பக்கத்தில்தான் நின்றார். தபாலம்மா வாயைத் திறந்தாள். மேடம் அவளுடைய பக்கத்தை எடுத்து அவளுக்கு நேராகத் திருப்பி வைத்தார். தொண்ணூற்றொரு கையெழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக, அத்தனையும் அவளுடையது. குளிர்ந்தது என்றால் தொண்ணூற்றொரு பொய். பொய் ஒன்றுக்கு மூன்று நகல் விளக்கம்.

"குளிரலைங்க மேடம்."

"நீங்க?"

"எனக்கும்தான் மேடம்" என்றார் அக்கா, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. யார்மேல் யார் கோபப்படுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

மேடம் அன்றே தீர்ப்பு சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. தபாலம்மாதான் பிரித்து எண் போட்டாள்.

"இத்துறையின் அடிப்படை விதி: வெப்பத்திலும் குளிரிலும் தன் நிலை மாறாத பொருளே தரமான பொருள். மேற்படி ஆய்வில் கேல் கீரையானது பன்னிரண்டு ஹீட்டர்கள் அளிக்கப்பட்டும், மூன்று மணி நேரக் குளிரைத் தாங்கவில்லை. எனவே அது குளிர் தாங்கும் வகையைச் சார்ந்தது அல்ல என்று முடிவு செய்யப்படுகிறது. மாறாக, ஹீட்டர் எதுவும் அளிக்கப்படாத கட்டிடத்தில் பணிபுரிந்த ஊழியர்கள் முப்பத்தொருவரும் தொண்ணூற்றொரு நாட்கள் நிலை மாறாமல் இருந்தமை ஆவணங்களால் ஐயமற நிரூபணமாகிறது. ஆகவே அவ்வூழியர்கள் குளிர் தாங்கும் ரகம் என்று சான்றளிக்கப்படுகிறார்கள். ஹீட்டர்கள் நிரந்தரமாக விலக்கிக்கொள்ளப்பட்டு, தலைமை அலுவலகத்தில் உள்ள பூந்தொட்டிகளுக்கு வழங்கப்படும். தாங்கிய நாட்களின் எண்ணிக்கைப்படி தரவரிசைப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது."

ஆணையின் முதல் பக்கத்தை எல்லோரும் வேகமாகப் புரட்டினார்கள். இணைப்பில்தான் கண் நின்றது.

முதல் இடம் தபாலம்மாவுக்கு. தொண்ணூற்றொரு நாள். அவளுடைய பதினான்கு வருட சர்வீஸில் அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் முதலில் வந்ததில்லை. அதைப் பார்த்தபோது, வெட்கக்கேடு, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் இடம் ரெக்கார்டு அக்கா. தொண்ணூறு நாள். ஒரு நாள் விரலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக லீவு எடுத்திருந்தார்.

அக்கா பட்டியலை மேஜைமேல் வைத்தார்.

"உனக்கு முன்னாடி பத்து வருஷம் சர்வீஸ் எனக்கு. உனக்குக் கீழ என் பேரா?"

"நாள் கணக்குதானேக்கா. நான் என்ன பண்றது?"

"நீ முழு நாளும் கூடாரத்துலதான்டி இருந்த. ஹீட்டர் பக்கத்துல உக்காந்துட்டுக் குளிரைத் தாங்கினாளாம்!"

"நீங்க மட்டும் எங்க இருந்தீங்க? என் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"லீவு போட்ட அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நாலு மணி நேரம் நின்னேன். அங்க இதைவிடக் குளிர். அதையும் சேக்கணும்."

"பட்டியல்ல இருக்கறதுதான் கணக்கு" என்றாள் தபாலம்மா. அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் வேறு வேலை நடக்கவில்லை. மேலாளர் தனக்குக் கொடுத்த ஆறாம் இடம் தன் பதவிக்குப் பொருந்தவில்லை என்று எழுதினார். கணக்குப் பிரிவுக்காரர் தான் ஜன்னலோரம் உட்கார்கிறவர், தன்னுடைய ஒரு நாளை ஒன்றே கால் நாளாகக் கணக்கிட வேண்டும் என்றார். இயக்குநர் பத்தொன்பதாம் இடத்தை எதிர்த்து ஒன்பது பக்கம் எழுதினார். அக்கா பேனாவை உள்ளங்கையில் செருகிக்கொண்டு ஆட்சேபணை மனு எழுதினார். பக்கத்து மேஜையில் தபாலம்மா அதற்கு மறுப்பு மனு எழுதினாள். விரல் விறைத்துப்போனதால் இரண்டு வரிக்கு ஒருமுறை இருவரும் கையை வாயில் வைத்து ஊதிக்கொள்ள வேண்டியிருந்தது.

பியூன் அண்ணன் மனுக்களை வாங்க வந்தார். முப்பத்தொன்றையும் கட்டிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் லிஸ்ட் பத்தியே இருக்கே. ஹீட்டர் வேணும்னு யாராச்சும் எழுதியிருக்கீங்களா?"

"அதை அடுத்த குளிருக்குப் பாத்துக்கலாம்ணே, முதல்ல லிஸ்ட் சரியாகட்டும்" என்றார்கள் அக்காவும் தபாலம்மாவும், ஒரே குரலில். சொல்லி முடித்த பிறகுதான் தங்களுக்குள் பேச்சு இல்லை என்பது ஞாபகம் வந்தது. ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, கையை ஊதிவிட்டு, மனுவின் நகலை எழுத ஆரம்பித்தார்கள்.